ஒன்பதில் தொடங்கும் எண்

ஹூஸ்டன்
5.4.2026, ஞாயிறு

மல்லி,

திட்டாதே. உன் மூன்று வாய்ஸ் மெசேஜும் கேட்டேன். பேரன் வசம்பு வளையல் போட்ட படமும் பார்த்தேன். மூக்கு அப்படியே உன் மாமியார், சொன்னால் கோபித்துக்கொள்வாய். என் முட்டி பரவாயில்லை. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. போதுமா?

பதில் போடாமல் இருந்ததற்கு நீ பிப்ரவரியில் அனுப்பிய அந்த ஃபார்வர்டுதான் காரணம். அமெரிக்காவில் கள்ளத்தனமாக நுழைந்தவர்கள் ஒரு பைசா வரி கட்டாமல் ஓசியில் சாப்பிடுகிறார்களாம், விரட்டுவது நியாயம்தானே சுதா, எல்லாம் நீ கட்டுகிற வரிதானே என்று கீழே ஒரு கேள்வி வேறு. ரெண்டு வரி டைப் பண்ணினேன், அழித்தேன், மறுபடி டைப் பண்ணினேன். சண்டைக்காரி என்று நீ சொல்வாய் என்பதால் அல்ல, அது ஊருக்கே தெரிந்தது. நம் ஹாஸ்டல் ரூமில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கட்டிலுக்கடியில் குடியிருந்த உன் சித்தி பெண்ணை மறந்துவிட்டு இதை எப்படி அனுப்பினாள் இவள் என்றுதான் முதலில் சிரிப்பு வந்தது. மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம், ஆகிற செலவை எல்லோரும் பங்கு போட வேண்டும், மாசக் கடைசியில் பில் ஏறியபோது முதலில் கத்தியது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? அத்தனை பேருக்கும் பாட்டனி ரெக்கார்டு வரைந்து கொடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? ரெண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் மேலே படி.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சனிக்கிழமைகளில் நூலகத்தில் வரிப் படிவம் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே, குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக. வருமான வரித் துறை வைக்கும் பரீட்சையில் தேறினால்தான் அங்கே உட்கார முடியும். என் மேஜைக்கு ஆறு வருஷமாக ஒருவர் வருகிறார். ஹோண்டுராஸ்காரர், கூரை வேலை. இங்கே ஆலங்கட்டி மழை அடித்தால் தெருத் தெருவாகக் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடுவார்கள், அந்த வேலை. கணக்கெல்லாம் ஒரு நீல பட்டர் பிஸ்கட் டப்பாவில் கொண்டு வருவார், நம் வீட்டில் ஊசி நூல் கிடக்குமே, அதே டப்பா. ஆணி வாங்கிய ரசீது, பெட்ரோல் ரசீது, கான்ட்ராக்டர் கொடுத்த வருமானச் சீட்டு எல்லாம் மாசவாரியாக ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். நம் ஆட்கள் கொண்டு வருகிற லட்சணத்தைப் பார்த்தவளுக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி.

அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது இங்கே வேலைக்கும் பென்ஷனுக்கும் வேண்டிய அரசாங்க எண், கிடையாது. அது இல்லாதவர்களும் வரி கட்ட வேண்டுமே என்று 1996-இல் வருமான வரித் துறை தனியாக ஒரு எண் கொடுக்க ஆரம்பித்தது. ஐடின் என்போம். ஒன்பது இலக்கம், ஒன்பதில் தொடங்கும். அதை வைத்து வேலை பார்க்க முடியாது, ஓட்டுப் போட முடியாது, வரி மட்டும் கட்டலாம். 1999-இல் என் வீட்டுக்காரர் பின்னால் டிபெண்டன்ட் விசாவில் வந்திறங்கினேனே, எனக்கும் அந்த எண்தான் கொடுத்தார்கள். இன்னும் மனப்பாடம்.

சரி, கூரைக்காரர் கணக்குக்கு வருகிறேன். செலவு போக 38,000 டாலர் சம்பாதித்திருக்கிறார். மனைவிக்கும் அதே மாதிரி எண்தான். ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் இங்கே பிறந்த குடிமக்கள். வருமான வரி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சொந்தத் தொழில் என்பதால் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு ரெண்டுக்கும் சேர்த்து 15.3 சதவீதம், அது மட்டும் 5,300-க்கு மேல். அந்த ரெண்டிலிருந்தும் அவருக்கு ஒரு சல்லி வராது. போன வருஷம் வரை பிள்ளைகளுக்கு எண் இருந்தாலே குழந்தைகளுக்கான வரிச் சலுகை கிடைத்தது, அதைக் கழித்தால் கையிலிருந்து கட்டியது 2,000 டாலர் கிட்ட. போன ஜூலையில் வந்த சட்டம் பெற்றோரில் ஒருவருக்காவது சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்த வருஷம் 5,300 டாலருக்கு மேல் வந்தது. இதே வருமானம், இதே ரெண்டு பிள்ளைகளோடு ஒரு குடிமகன் அதே கூரையில் அவர் பக்கத்தில் நின்று ஆணி அடித்தால், அரசாங்கம் அவனுக்குச் சலுகைகளோடு ஏறத்தாழ 4,000 டாலர் திருப்பிக் கொடுக்கும். ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன் மல்லி. நீ கேட்ட ஓசிச் சாப்பாடு இது.

ஆனால் அவர் அந்தத் தொகையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. திரையில் விலாசக் கட்டத்தில் விரலை வைத்து, “சென்யோரா, இதை யார் யார் பார்ப்பார்கள்?” என்றார்.

போன வருஷம் ஏப்ரலில் வருமான வரித் துறை, நாடு கடத்துகிற துறைக்கு விலாசம் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டது. கோர்ட்டில் வழக்கு மேல் வழக்கு. அதற்கு முன்னால் வரி விவரம் வரிக்கு மட்டும்தான் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிவந்தார்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. “பயப்படாதீர்கள், அவர்கள் வேறு, இவர்கள் வேறு” என்று ஆறு வருஷமாக அரைகுறை ஸ்பானிஷில் இதே வாய்தான் அந்த மனிதரிடம் சொன்னது. அவருடைய நம்பிக்கை என்ன தெரியுமா? என்றைக்காவது ஒரு நாள் 1986-இல் அதிபர் ரீகன் செய்தது போல மன்னித்து, இங்கே தங்கக் காகிதம் கொடுப்பார்கள், அன்றைக்கு ஒழுங்காக வரி கட்டிய ரசீது இருந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம் என்று. அப்போது 27 லட்சம் பேருக்குக் காகிதம் கிடைத்தது. அதனால்தான் அந்த ரப்பர் பேண்டு.

சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு விதி. வக்கீலைப் பாருங்கள் என்றேன். டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினார், எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இது நடந்து மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது, வரவில்லை. அவர் மட்டுமில்லை, ஒன்பது எண்காரர்கள் இந்த வருஷம் என் மேஜைக்கு நாலு பேர்தான். முன்பெல்லாம் ஒரே சனிக்கிழமையில் நாலு பேர் வருவார்கள்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ராத்திரி பூரா கணக்குப் படிக்கிறேன். இவர் “நீ எப்போது செனட்டுக்கு நிற்கிறாய்” என்று கேட்கிறார். கேள், உனக்கும் சொல்லியே தீருவேன். காகிதமில்லாதவர்கள் 2022-இல் எல்லா வரியும் சேர்த்து 9,670 கோடி டாலர் கட்டியிருக்கிறார்கள் என்று வாஷிங்டனில் உள்ள ஒரு வரி ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. அதில் சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் 2,570 கோடி. பல பேர் யாருடைய எண்ணையோ, இல்லாத எண்ணையோ கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிடித்தம் பிடித்தபடி போகிறது, பெயரும் எண்ணும் பொருந்தாததெல்லாம் தனியாக ஒரு கணக்கில் விழுகிறது, கேட்க ஆள் வராது. உன் தம்பி எட்டு வருஷம் டல்லஸில் வேலை பார்த்து அதே நிதிக்குக் கட்டிவிட்டு, பத்து வருஷம் ஆகாததால் ஒரு டாலர் கூட இல்லாமல் திருச்சி வந்து சேர்ந்தானே, இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லை என்று அன்றைக்கு நீ போட்ட கூச்சல் ஹூஸ்டன் வரை கேட்டது.

இரு, ஒரு பக்கமாக மட்டும் பேசவில்லை. உன் ஃபார்வர்டில் பாதி உண்மையும் இருக்கிறது. அதை மறைத்தால் நான் யோக்கியமில்லை. கட்டுகிற பணம் பெரும்பாலும் வாஷிங்டனுக்குப் போகிறது, செலவு எங்கள் தெருவுக்கு வருகிறது. எங்கள் டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, பள்ளிக்கூடமும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆஸ்பத்திரியும் பெருமளவு வீட்டு வரியில் ஓடுகின்றன. என் வீட்டு வரி பில்லில் ஆஸ்பத்திரிக்கென்று தனி வரியே இருக்கிறது, வருஷா வருஷம் அதைப் பார்த்து இவர் முனகுவார். 2006-இல் இந்த மாநிலத்தின் கணக்கு அதிகாரி, கரோல் ஸ்ட்ரேஹார்ன் என்ற அம்மாள், ஒரு கணக்கு வெளியிட்டார். காகிதமில்லாதவர்களால் மாநில அரசுக்கு வரவு 158 கோடி, செலவு 116 கோடி, அதாவது லாபம். ஆனால் கவுண்டிகளுக்கும் உள்ளூர் ஆஸ்பத்திரிகளுக்கும் ஈடு கிடைக்காத செலவு 144 கோடி. இருபது வருஷம் கழித்தும் ரெண்டு கட்சிக்காரர்களும் அதே அறிக்கையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் ஒரு பத்தியைப் படிக்கிறார், இவர் அடுத்த பத்தியைப் படிக்கிறார்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். டைலர் என்று ஒரு ரோஜாப்பூ ஊர், எங்களுக்கு வடக்கே. எழுபதுகளில் காகிதமில்லாத பிள்ளைகளுக்கு வருஷம் 1,000 டாலர் ஃபீஸ் என்றது. கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-இல் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு, எல்லாப் பிள்ளைகளையும் இலவசமாகச் சேர்த்தாக வேண்டும். என் பக்கத்து வீட்டு டீச்சர் வகுப்பில் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் படும் பாடு பாடுதான், அவளைப் போய் இனவெறி பிடித்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனால் இந்த நாட்டிலேயே கஜானாவுக்கு அதிகமாகக் கட்டுகிறவர்களில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் உண்டு என்று 2016-இல் வந்த அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி அறிக்கை சொல்கிறது. செலவு செய்த கவுண்டி ஒன்று, வரவு வாங்குகிற கஜானா இன்னொன்று, நடுவில் இருபது வருஷம். எந்த அரசியல்வாதி இருபது வருஷம் காத்திருப்பான்?

எரிச்சல் வருவது இங்கேதான். எல்லையில் சிப்பாயும் முள்கம்பியும் வைக்க டெக்சாஸ் 2021-இலிருந்து 1,100 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் பஸ்ஸில் ஏற்றி நியூயார்க், சிகாகோ என்று இறக்கிவிட்டது. அது மகா கெட்டிக்காரத்தனம், இறக்கிவிட்ட இடத்தில் எல்லாம் அரசியலும் சேர்ந்து இறங்கியது. ஆனால் வேலைக்கு வைக்கிறவன் ஆளின் காகிதத்தைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்தாக வேண்டும் என்ற விதியை மட்டும் அரசு அலுவலகங்களுக்கும் அரசுக் கான்ட்ராக்டர்களுக்கும் போட்டுவிட்டுத் தனியாரை விட்டுவிட்டது. ஏன் என்று என் கூரையைக் கேள். போன வருஷம் ஒன்பது பேர் விடிகாலையில் வந்து, சாயந்தரம் ஐந்துக்குள் மொத்தத்தையும் பிரித்து மூடிவிட்டுப் போனார்கள். யாரிடமும் காகிதம் கேட்கவில்லை நான். இவரும் கேட்கவில்லை, தள்ளுபடி மட்டும் கேட்டார்.

ஓட்டுக் கதை இன்னும் வேடிக்கை. ஓட்டே இல்லாதவர்கள்தான் தேர்தலைத் தீர்மானிக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1994-இல் பீட் வில்சன் என்ற கவர்னர் இவர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கூடாது என்ற தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு ஜெயித்தார், தீர்மானமும் 59 சதவீத ஓட்டில் ஜெயித்தது. பிறகு கோர்ட் அதை முடக்கியது, கோபத்தில் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட வந்த லத்தீன்காரர்களால் அவருடைய குடியரசுக் கட்சி அங்கே மெல்ல மெல்லத் தேய்ந்தது. அதைப் பார்த்து எல்லோரும் லத்தீன்காரர் ஓட்டு ஒரு பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்க, எங்கள் எல்லையோர ஸ்டார் கவுண்டி, கிட்டத்தட்ட மொத்தமும் மெக்சிகோ வம்சம், 1892-க்குப் பிறகு முதல் தடவையாக 2024-இல் குடியரசுக் கட்சிக்கு விழுந்தது, டிரம்புக்கு. முன்னால் வந்தவனுக்குப் பின்னால் வருகிறவன் மேல் என்ன இரக்கம்? போன மாசம் ஒரு வளைகாப்பில் நம் பையன் ஒருத்தன், பதினாலு வருஷமாக க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன், “நான் வரிசையில் நிற்கிறேன் ஆன்ட்டி, அவன் வேலி தாண்டி வருகிறான்” என்று கத்தினான். மகளுக்கு இருபத்தொன்று ஆனால் அவன் விசாவிலிருந்து அவள் கழன்றுவிடுவாள், அந்தப் பயம் அவனுக்கு. அவனிடம் வாதம் பண்ண எனக்கு மனசு வரவில்லை, புளியோதரை வைத்தேன்.

அப்புறம், நீ தொகுதி மறுவரையறை பற்றிப் புலம்பினாயே, இங்கே கேள். நாடாளுமன்றத்தின் கீழ்ச் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட் என்பதற்குத் தலையை எண்ணுகிறார்கள், காகிதமில்லாத தலையும் உட்பட. 2020 கணக்கில் டெக்சாஸுக்கு ரெண்டு சீட் கூடி 38 ஆனது. கூரைக்காரர் தலையும் அதில் ஒன்று. அவரை விரட்ட ஓட்டுப் போடும் ஆளும் அவரால் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

பெரிதாகப் போய்விட்டது. இன்றைக்கு ஈஸ்டர், தெருவில் சத்தமே இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. பதினொன்றாம் தேதிதான் கடைசிச் சனிக்கிழமை. அவர் வந்தால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கட்டுங்கள் என்றால் விலாசம் போகலாம், கட்டாதீர்கள் என்றால் ஆறு வருஷ ரசீதும் வீண், அபராதம் வேறு. உனக்கு ஏதாவது தோன்றினால் சொல், ஃபார்வர்டு மட்டும் வேண்டாம்.

உன் சித்தி பெண் ஜெயா இப்போது எங்கே இருக்கிறாள்? நம்பர் இருந்தால் அனுப்பு. என் ரெக்கார்டு நோட்டில் அவள் வரைந்த செம்பருத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, முத்திரையோடு.

சுதா