கண்ணுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவு வேலையை மாமா பார்த்துக்கொள்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

உழவர் பயிற்சி எப்படிப் போனது என்று நான் கேட்கப் போவதில்லை. கவிதா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மைக் உன் கையில் இல்லை. ஏதாவது காரணம் இருக்கும். பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த வாத்தியாரம்மா என்ற முறையில் சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மேடையில் நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் அட்ரினலின் செய்கிற வேலை. முதல் ஓரிரு நிமிடம்தான் ஆட்டிவைக்கும், பிறகு தணிந்துவிடும். அதைத் தாண்ட, முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய். முழுவதையும் உருப்போடாதே, நடுவில் ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவது மொத்தமும் போய்விடும். குறிப்பை ஏ4 தாளில் எழுதாதே, கைநடுக்கத்தை அது ஊருக்கே காட்டும். அஞ்சலட்டை அளவு கெட்டி அட்டை போதும். திருந்திய நெல் சாகுபடி என்றால், '14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 செ.மீ. இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், களையெடுக்கக் கோனோவீடர்'. அட்டையில் வேறெதுவும் வேண்டாம். 'எனக்கு அவ்வளவாகப் பேச வராது' என்று ஆரம்பிக்காதே. 'ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்றால் நம்புவீர்களா?' என்று கேள்; நிமிர்ந்து உட்காருவார்கள்.

வயல் வரப்பில் நின்று ஒருவருக்கு நீ விளக்கினால் அவர் நகரமாட்டார், நானே பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் பந்தலில் ஐம்பது பேராக உட்கார்ந்தால் மட்டும் என்ன வந்துவிடுகிறது உனக்கு? நீ ராத்திரி உட்கார்ந்து தயாரித்த குறிப்பை இன்னொருவர் வாசித்துக் கைதட்டு வாங்குகிறார். இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

கூச்சப்படும் பிள்ளைகள் வாக்கியத்தின் கடைசியை விழுங்குவார்கள். உனக்கும் அது உண்டு. தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது? 'இந்த மருந்தை இப்போது அடிக்க' என்பது வரை கேட்டு, 'வேண்டும்', 'வேண்டாம்' காதில் விழாமல் ஒருவர் வீட்டுக்குப் போனால் பயிர் என்ன ஆகும்? கடைசிச் சொல்லை முதல் சொல்லின் அதே சத்தத்தில் சொல். நின்றுகொண்டு, வாய்விட்டுப் பேசிப் போனில் பதிவுசெய்து கேள். மனசுக்குள் ஓட்டிப்பார்ப்பது கணக்கில் சேராது. 'வந்து', 'அதாவது' வருகிற இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடப் பழகு.

மைக்கை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடி. வலைத்தலையைக் கையால் பொத்தினாலும், ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்துத் திருப்பினாலும் 'கூ' என்று கத்தும். பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதே. 'ப' வெடித்தால் மைக்கை மோவாய்ப் பக்கம் இறக்கு.

எடுத்தவுடன் அரைமணி நேர உரைக்கு ஒத்துக்கொள்ளாதே. முதலில் மற்றவர்கள் நடத்தும் கூட்டத்தில் ஒரு கேள்வி கேள். பிறகு நன்றியுரை: ஒரு நிமிடம், கையில் பட்டியல் இருக்கும், எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள், உன்னை எடைபோட யாருக்கும் நேரமிருக்காது. பெயரும் பதவியும் எழுதி முன்கூட்டியே சரிபார்த்துக்கொள். ஒருவர் விட்டுப்போனால் அந்த வருத்தம் வருஷக்கணக்கில் ஓடும். அப்புறம் வரவேற்புரை, அப்புறம் ஐந்து நிமிடம் ஒரே ஒரு விஷயம். ஒரு படியை மூன்று நான்கு முறை செய்யாமல் அடுத்ததற்குப் போகாதே. எந்தப் படியிலும் முதல் இரண்டு வாக்கியம் மனப்பாடம், சொல்லிவிட்டேன்.

அடுத்த கூட்டத்து நன்றியுரையை நீயே கேட்டு வாங்கு. வீட்டில் பேசிப்பார்க்கும் பதிவை எனக்கு அனுப்பு. வாக்கியக் கடைசி கேட்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன், வேறெதுவும் பேசமாட்டேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பேசப்போகும் முன் காபி வேண்டாம், படபடப்பு கூடும். வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு மடக்கு போதும்.