ஒரே தெரு, வேறு வேறு டிஷ்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எந்தக் கம்பெனி டிஷ்ஷுக்கும் பொருந்துகிற செட்டாப் பாக்ஸ் கேட்டுத்தான் இந்த மடல். எங்கள் தெரு மொட்டைமாடிகளில் நாலு கம்பெனி டிஷ் இருக்கிறது. எல்லாம் தென்கிழக்கு வானத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன. ஆனால் ஒரு வீட்டில் வரும் தமிழ்ச் சேனல் அடுத்த வீட்டில் வராது. டிஷ் மாட்ட வருகிற தம்பியிடம் கேட்டால், "அது இந்தக் கம்பெனில இல்லண்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏன் இல்லை என்பது ஓரளவு புரிகிறது. ஒவ்வொரு கம்பெனியும் செயற்கைக்கோளில் இடத்தை வாடகைக்கு எடுக்கிறது. அந்த இடம் அளவானது, எச்டி சேனல் வந்தால் இன்னும் நெருக்கடி. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் கோளாறு வந்து, சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளில் பாதியை நிறுத்தியபோது சன் டைரக்ட் பார்த்த வீடுகள் திண்டாடின. வேறு செயற்கைக்கோளை நம்பிய கம்பெனிகளின் சந்தாதாரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டியே ஆகவேண்டும் என்று அரசாணை இருப்பதால் டிடி தமிழ் எல்லா டிஷ்ஷிலும் வருகிறது. மற்றதெல்லாம் இடம், பணம், பேரம்.

பணம் என்றால், சேனல்காரர் கம்பெனிக்குக் கட்டும் பணமும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-ல் வகுத்த விதிப்படி, சாதாரணச் சேனல் ஒன்றைச் சுமக்க ஒரு இணைப்புக்கு மாதம் 20 பைசா வரை வாங்கலாம். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. 10 லட்சம் இணைப்பு என்றால் மாதம் 2 லட்ச ரூபாய். சந்தாதாரர்களில் ஐந்தில் ஒருவர் அந்தச் சேனலை எடுத்திருந்தால் கட்டணமே கிடையாது என்றும் அதே விதி சொல்கிறது. ஏற்கெனவே ஓடுகிற சேனலுக்குச் சலுகை, புதிதாக வருகிறவனுக்குச் செலவு! 2020-ல் ஒரு சேனல் மாதம் கட்டும் மொத்தத் தொகைக்கும் உச்சவரம்பு வந்தது, சரிதான். ஆனாலும் சின்னச் சேனல் ஒரு கம்பெனியில் வந்து இன்னொன்றில் வராமல் போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஊர்ச் சேனல் கதை வேறு. கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமிலிருந்து வருகிற அந்த லோக்கல் சேனல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை வடம் பிடித்தது முதல் நிலை சேர்வது வரை காட்டும். நாளைக்கு எந்த வார்டில் தண்ணீர் வராது, யார் வீட்டுக் காதுகுத்து, எந்த ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, எல்லாம் அதில் ஓடும். தரம் சுமார்தான், விளம்பரத்தின் சத்தம் காதைக் கிழிக்கும். ஆனால் டிஷ்ஷுக்கு மாறிய வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். டிஷ்ஷில் அது வர வழியில்லை. நம் நாட்டு டிடிஎச், அதாவது வீட்டு டிஷ்ஷுக்கு நேராக வரும் செயற்கைக்கோள் அலைக்கற்றை, தேசம் முழுவதற்கும் ஒரே விரிப்பாக இறங்குகிறது. ஒரு ஊரின் தேரைக் காட்ட, காஷ்மீர் வரைக்கும் இடத்தை அடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1999-ல் சட்டம் கொண்டுவந்து, ஒரு வட்டாரத்தின் சேனலை அந்த வட்டாரத்து டிஷ்களுக்கே கொடுக்க வழி செய்தார்கள். குறுகலான கற்றை வீசும் செயற்கைக்கோள்களை ஏற்றி, தூரத்திலுள்ள இரண்டு நகரங்களுக்கு ஒரே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் வம்பு ஓயவில்லை. டிவி பார்ப்போரைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் நாட்டை 210 டிவி சந்தைகளாகப் பிரித்து வைத்ததில், கொலராடோ மாநிலத்து லா பிளாட்டா கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பக்கத்து மாநிலத்து ஆல்புகர்க்கி நகரத்தோடு சேர்ந்துவிட்டது. சொந்த மாநிலச் செய்தியைப் பார்க்க அவர்கள் மனுப் போட வேண்டியிருந்தது. அந்த மாதிரிச் செயற்கைக்கோள் செலவு நமக்குக் கட்டாது என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆக, எல்லா டிஷ்ஷிலும் எல்லாச் சேனலும் வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. என் கேள்வி செட்டாப் பாக்ஸ் பற்றியது.

விரும்பும் சேனல் வேறு கம்பெனியில் இருக்கிறது, மாறலாம் என்றால் பாக்ஸை மாற்று, பல சமயம் டிஷ்ஷையும் மாற்று என்கிறார்கள். சிலிண்டர் ஏஜென்சியை மாற்றினால் அடுப்பையும் தூக்கிப் போடு என்பது போல. பழைய பாக்ஸ் பரணுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் அதே கம்பெனி சந்தா இருந்தால்தான் உதவும்.

இது புதுக் கோரிக்கை அல்ல. 2001-ல் வந்த டிடிஎச் வழிகாட்டுதலிலேயே, ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. வேறு கம்பெனியின் சேனலைத் திறக்கும் அட்டையைச் செருக, பாக்ஸில் ஒரு துளையும் வைக்கச் சொன்னார்கள். அந்த அட்டையின் விலை புதுப் பாக்ஸுக்குப் பக்கத்தில் வந்ததால் யாரும் சீண்டவில்லை. 2020 ஏப்ரலில் டிராய் மறுபடியும் உங்களுக்குப் பரிந்துரை அனுப்பியது: நாட்டில் கொடுக்கும் எல்லா பாக்ஸும் கம்பெனி மாறினாலும் வேலை செய்ய வேண்டும் என்று. இன்றைக்கும் கடைக்குப் போய் எந்தக் கம்பெனி சந்தாவுக்கும் பொருந்தும் பாக்ஸ் ஒன்றை நான் வாங்க முடியாது.

பாக்ஸை மானிய விலையில் கொடுக்கிறோம், வேறு கம்பெனிக்கு வேலை செய்யாதபடி பூட்டாவிட்டால் நஷ்டம் என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். மானியமே வேண்டாம். முழு விலைக்கு வெளிச்சந்தையில் விற்கட்டும், வாங்கிக்கொள்கிறோம். 2011-ல் எண்ணை மாற்றாமல் செல்போன் கம்பெனி மாற வழி செய்த நாடு இது. அதனால் எந்தக் கம்பெனியும் கடையை மூடவில்லை.

பொதுப் பாக்ஸ் வரும்வரை இன்னொன்றும் செய்யலாம். எந்தெந்தத் தமிழ்ச் சேனல் தங்களிடம் இல்லை என்பதைச் சந்தா சேர்க்கும்முன் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இருப்பதை மட்டும் சொல்லி டிஷ்ஷை மாட்டிவிட்டுப் போவதை நிறுத்த அந்த ஒரு தாள் போதும். பொதுப் பாக்ஸுக்கு மட்டும் ஒரு தேதி வேண்டும். எந்த வருடம், எந்த மாதம் என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் சந்தாதாரன் ஒருவன்