தலைவலியோடு மச்சத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பிறவி மச்சங்கள் பற்றிய உங்கள் கட்டுரை தோலோடு நின்றுவிட்டது. பெரிய மச்சம் உள்ளவர்களுக்கு மூளையைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும்.

நிறம் தரும் மெலனோசைட் செல்கள், கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தையொட்டித் தோன்றித் தோலுக்கு நகர்ந்து வருபவை. அப்போது ஒரு செல்லில் மரபணு மாற்றம் நேர்ந்தால், பெரும்பாலும் என்ஆர்ஏஎஸ் மரபணுவில், அதன் வழிவந்த செல்கள் மூளையிலும் அதன் உறையிலும்கூடத் தங்கிவிடலாம். இதுதான் நியூரோகுட்டேனியஸ் மெலனோசிஸ். இது பரம்பரை நோயல்ல. தாய் செய்த எதனாலும் வருவதல்ல.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும். அரிதாக இருபது, முப்பது வயதில் தலைகாட்டும்போதுதான் ஏமாந்துபோகிறோம். விடாத தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, வலிப்பு என்று வருபவரின் சட்டைக்குள், முதுகு முழுக்க முடி முளைத்த கருமச்சமும் சுற்றிலும் சிதறிய சிறு மச்சங்களும் இருக்கும். மருத்துவர் கேட்பதில்லை, இவரும் கூச்சத்தில் சொல்வதில்லை. தண்டுவட நீரில் புரதம் கூடி, சர்க்கரை குறைந்திருந்தால் காசநோய் மூளைக்காய்ச்சல் என்றே சிகிச்சை தொடங்கிவிடக்கூடும்.

மச்சம் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பிறவி மச்சங்கள் பல இருந்தாலோ அதை முதலிலேயே சொல்லுங்கள். மூளைக்கும் முழுத் தண்டுவடத்துக்கும் எம்ஆர்ஐ வேண்டும். அதில் டி1 என்ற வகைப் படங்களை, படத்தைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசிக்கு முன்பும் பின்பும் எடுக்க வேண்டும். மச்சத்தின் நிறமியான மெலனின், ஊசி இல்லாமலே வெள்ளையாகத் தெரியும். பின்பு மட்டும் எடுத்தால் அந்த வெள்ளை நிறமியா, மருந்தா என்று பிரிக்க முடியாது. உறையில் பரவியிருப்பதோ ஊசிக்குப் பிறகுதான் துலங்கும். பெரியவர்களுக்கு மூளையின் வெண்பகுதியும் டி1 படத்தில் வெளுப்பாகவே இருப்பதால் சிறு படிவுகள் அதில் ஒளிந்துகொள்ளும். படம் சுத்தம் என்பதால் நோய் இல்லை என்றாகாது. மூளையின் பக்கவாட்டு உட்பகுதியில் உள்ள அமிக்டாலாவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் பார்த்து, பாதுகாப்பு என்று உறுதியான பிறகே தண்டுவட நீர் எடுக்க வேண்டும். கிருமிச் சோதனையோடு நில்லாமல் செல் பரிசோதனைக்கும், மெலனோசைட் செல்களை அடையாளம் காட்டும் எஸ்-100, எச்எம்பி-45 சாயங்களுக்கும் தாமதமின்றி அனுப்ப வேண்டும். சில துளிகள் போதாது. முடிந்தால் 10 மில்லி. ஒருமுறை ஒன்றும் கிடைக்காவிட்டால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

மச்சத்தை வெட்டி எடுத்தாலும் மூளையில் உள்ளது போகாது. மூளையில் நீர் தேங்கினால், அதை வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட் குழாய் அழுத்தத்தைக் குறைக்கும்; ஆனால் புற்றாக மாறிய செல்கள் அதன் வழியே வயிற்றுக்குள் பரவிய நிகழ்வுகள் உண்டு. அறிகுறி தொடங்கிவிட்டால் நோய் கடுமையானது, அதை மறைப்பதில் பயனில்லை. அதே சமயம், பெரிய மச்சம் உள்ள பெரும்பாலானோருக்கு இந்த அறிகுறிகள் வருவதே இல்லை.

இப்படி மச்சத்தோடு பிறக்கும் குழந்தைக்கு, வெண்பகுதி முதிர்வதற்கு முன், ஆறு மாதத்துக்குள் எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. அந்தப் படத்தைப் பத்திரப்படுத்துங்கள். இருபது வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.