அப்பாவுக்கு, மெல்போர்ன்லேர்ந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வந்து மேசை மேலயே கெடக்கு, பதில் போடாம நாள் தள்ளிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. ஜூலைக்கு டிக்கெட் போடவா, ஏர்போர்ட்லேர்ந்து உன் ரூமுக்கு ட்ரெயின் இருக்கான்னு கேட்டிருந்தீங்க. இல்லப்பா. இவ்ளோ பெரிய ஊரு, ஏர்போர்ட்டுக்கு ரயிலே கிடையாது. ஏர்போர்ட்ட திறந்தது 1970ல, ரயில் பேச்சு அதுக்கும் முன்னாடிலேர்ந்து ஓடுதாம். 2018ல மத்திய அரசு 500 கோடி டாலர், மாநில அரசு 500 கோடி டாலர்னு அறிவிச்சு, சன்ஷைன்ங்கற ஸ்டேஷன் வழியா லைன் போடறோம்னாங்க, பின்னாடி 2029ல ஓட்டுவோம்னாங்க, அப்புறம் ஏர்போர்ட்காரங்க ஸ்டேஷன் தரைக்கு அடியில வேணும்னு நின்னாங்க, மாநில அரசு செலவு எகிறும், மேலயே போதும்னு நின்னுச்சு, அந்த இழுபறிலயே வருஷம் போச்சு. 2024ல ஏர்போர்ட்காரங்க விட்டுக்குடுத்து மேலயே இருக்கட்டும்னுட்டாங்க, ஆனா ரயில் 2033க்கு முன்னாடி வராதாம்.

பக்கத்து வீட்டு கிரேக்க தாத்தா தெரியும்ல, கப்பல்ல வந்த காலத்துலேர்ந்து இந்தக் கதைய கேக்கறவரு. நான் ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு நடுங்கறேன், மனுஷன் விடிகாலைல வெறும் பனியனோட எலுமிச்சை மரத்த பாத்துக்கிட்டு நின்னு "ட்ரெயின் வந்துடுச்சா?"ன்னு கேட்டு சிரிப்பாரு. டாக்ஸி இருக்கே, ரயில் எதுக்குன்னு வேற வாதம். எனக்கு கடுப்பாகும். ஏர்போர்ட் கிச்சன்ல பாத்திரம் கழுவறவன் நாலு மணி ஷிப்டுக்கு டாக்ஸிலயா போவான்? (ரூம்மேட் சொன்னான்பா, எனக்கு ஆபீஸ்தான்.) சிட்டிலேர்ந்து தனியார் பஸ் ஒண்ணு போகுது, டிக்கெட் ஜாஸ்தி. நான் ப்ராட்மெடோஸ் வரைக்கும் ட்ரெயின்ல போய் 901 பஸ் பிடிப்பேன், சாதாரண டிக்கெட்லயே முடிஞ்சுடும். காசுக்காக இல்ல, ஊர் பாத்த மாதிரி இருக்கும்.

நம்ம சென்னைல 2016லேர்ந்து மெட்ரோ ஏர்போர்ட்டுக்கே வருது, அதுக்கு முன்னாடியே ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷன். நான் கிளம்பின அன்னிக்கு கார் வேணாம்னு அடம்பிடிச்சு பல்லாவரத்துல ஏத்தி ஒரே ஒரு ஸ்டேஷன் கூட்டிட்டுப் போனீங்களே, பெட்டி உங்க தோள்ல, அம்மா வழியெல்லாம் உங்கள திட்டிக்கிட்டே வந்தா. அந்தத் திட்ட இப்ப ஒருக்கா கேட்டா தேவலப்பா. நேத்து ரசம் வெச்சேன், பெருங்காயம் இல்ல, வாய்ல வைக்க முடியல, அப்படியே படுத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க.

ஜூலை வேணாம்பா. ரயிலும் இல்ல, இந்தக் குளிரு அம்மா முட்டிக்கு ஆகாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

சித்தப்பா விஷயம். பரந்தூருக்கு மெட்ரோ வருது, இப்பவே ப்ளாட் போட்டா பத்து மடங்குன்னு புரோக்கர் சொன்னான்னு நம்ம வீட்டுப் பத்திரத்த அடமானம் வைக்க கேக்கறாரா? அங்க கட்டப்போறதா சொல்ற புது ஏர்போர்ட்டே இன்னும் வரல, அந்தப் பக்கத்து ஏகனாபுரம் கிராமத்து ஜனங்க 2022லேர்ந்து நிலத்த தர மாட்டோம்னு உக்காந்திருக்காங்க, அதுக்குள்ள ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல ப்ளாட்டாம்! நான் இருக்கற ஊர் கதைய அவருக்கு படிச்சுக் காட்டுங்க. பீரோ சாவி அம்மாகிட்டயே இருக்கட்டும், எதுலயும் கையெழுத்து போடாதீங்க. சித்தி மூஞ்சிய தூக்கினா நான் ஃபோன்ல பேசிக்கறேன்.

பாப்பா செமஸ்டர் ஃபீஸுக்கு இந்த மாசம் பதினஞ்சாம் தேதிக்கு மேலதான் அனுப்ப முடியும், பேங்க்ல ஏதோ சர்வர் பிரச்சனை. அதுவரைக்கும் மாமாகிட்ட கேக்காதீங்க, காலேஜ்ல டைம் கேளுங்க, குடுப்பாங்க.

உங்க பையன்