உம்மாவின் மாத்திரையும் நீ அனுப்பிய டப்பாக்களும்

கீழக்கரை

அன்பு மகன் சலீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கொடுத்தனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பேரீச்சம்பழத்தையும் தைலத்தையும் ராத்தா எடுத்துக்கொண்டாள். மூன்று மருந்து டப்பாக்களை மட்டும் நான் அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன். ஒன்று மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், இன்னொன்று பச்சைத் தேயிலைச் சத்து, மூன்றாவது பூனைக்காலி விதைச் சத்து. உம்மாவுக்கு இவற்றில் எதையும் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. போனில் இதைச் சொன்னால் உன் குரல் இறங்கிவிடும், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இவற்றை நம்பியதில் தவறு ஒன்றும் இல்லை. நரம்புச் செல்லைக் காக்கும் பொருள்கள் செடிகொடியில் இருக்கின்றன என்பது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. மருந்துக்கடையில் காலம் தள்ளியவன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. உம்மாவுக்கு இந்த நடுக்க வியாதி, பார்க்கின்சன், வந்த பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உம்மாவின் மூளையில் நடப்பது இதுதான். மூளையின் நடுத்தண்டில் கருமை நிறம் கொண்ட ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அங்கே இருக்கும் நரம்புச் செல்கள்தான் கை கால் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அந்தச் செல்களுக்குள் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் திரண்டு தங்கிவிடுகிறது, செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நடுக்கத்தை விவரித்து எழுதினார், அதனால் அவர் பெயரே வியாதிக்கும் நின்றுவிட்டது. கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும் என்கிறார்கள். நமக்குத் தெரிய வந்ததே தாமதமாகத்தான், மகனே.

இதில் அழற்சிக்கும் பங்கு உண்டு. மூளைக்குள் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. செத்த செல்லைத் துப்புரவு செய்வதும் கிருமியை விரட்டுவதும் அவற்றின் வேலை. கலவரம் அடங்கிய பிறகும் கலைந்து போகாமல் நின்று, ஊர்க்காரர் வீட்டையே உடைக்கும் காவல்காரர்களைப் போல அவை சில சமயம் நடந்துகொள்கின்றன. அவை கக்கும் பொருள்கள் பக்கத்தில் நன்றாக இருக்கும் நரம்புச் செல்லையும் அரிக்கும். மஞ்சளின் குர்க்குமின், தேயிலையின் கேட்டச்சின், வெங்காயத்தின் குவர்செட்டின் எல்லாம் சோதனைத் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் இந்தக் காவல் செல்களை அடக்குகின்றன. அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப் கப்பா பி என்ற புரதத்தைத் தடுக்கின்றன. என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தை எழுப்பி, செல் தன்னைத் தானே காக்கும் நொதிகளைச் செய்ய வைக்கின்றன. நம் கொல்லை முருங்கைக் கீரையில் இருக்கும் காரமான கந்தகச் சேர்மமும் இந்த இரண்டாவது வழியில் வேலை செய்வதாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சரி, பிறகு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்பாய். தட்டில் இருக்கும் செல்லுக்கு மருந்தை நேராக ஊற்றலாம். உம்மாவின் மூளைக்கு அப்படி ஊற்ற முடியாது. மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதில்லை. தாண்டுவதைக் குடற்சுவரும் ஈரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998-ல் பெங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கிராம் குர்க்குமினோடு மிளகின் பைப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு ஏறியது. உன் டப்பாவில் மிளகு சேர்ந்திருப்பது அந்த ஒரு சோதனையின் பலத்தில்தான்.

ஆனால் அந்த மிளகுச்சத்து எப்படி ஏற்றுகிறது என்று பார். மருந்தை உடைத்து வெளியேற்றும் குடல், ஈரல் நொதிகளை அது மந்தப்படுத்துகிறது. அப்படிச் செய்யும்போது குர்க்குமின் எது, உம்மாவின் மற்ற மாத்திரை எது என்று அதற்குத் தெரியாது. வலிப்பு மருந்து ஃபெனிட்டாயினும் ரத்த அழுத்த மருந்து புரோபிரனலாலும் பைப்பெரினோடு சேரும்போது உடலில் அதிகமாகத் தங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. இத்தாலியில் 2019-ல் மஞ்சள் கேப்சூல் தின்றவர்கள் சிலருக்கு ஈரல் வீங்கியது, அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. ஆணத்தில் போடும் மஞ்சளால் அப்படி யாருக்கும் ஆனதாக நான் படித்ததில்லை. பல மடங்கு செறிவாக்கி விழுங்கும்போதுதான் அது வேறு பொருளாகிவிடுகிறது.

பச்சைத் தேயிலைச் சத்துக்கும் இதே கதைதான். பார்க்கின்சனுக்கு நெருங்கிய உறவான ஒரு கொடிய வியாதி உள்ளவர்களுக்கு அதன் முக்கியச் சேர்மத்தைக் கொடுத்து ஜெர்மனியில் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. வியாதியின் வேகம் குறையவில்லை, சிலருக்கு ஈரல் மட்டும் பாதித்தது. காப்பி குடிப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருகிறது என்று ஹவாயில் எட்டாயிரம் பேரைப் பல வருடம் கவனித்து 2000-ல் எழுதினார்கள். ஆனால் வியாதி வந்தவர்களுக்குக் காஃபீன் கொடுத்துப் பார்த்ததில் நடுக்கமோ இறுக்கமோ குறையவில்லை. வருமுன் காப்பது வேறு, வந்தபின் சரிசெய்வது வேறு. விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

உன் மூன்றாவது டப்பாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பூனைக்காலி மற்றவற்றைப் போல் அல்ல, அது நிஜமாகவே வேலை செய்யும். வேலியில் படர்ந்து, காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்க வைக்கும் அதே கொடிதான். அதன் விதையில், மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற பொருள் இருப்பதை 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா பலன் தரும் என்று அமெரிக்காவில் உறுதியானது 1960-களின் கடைசியில்தான். உம்மா தினமும் விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் அதே லெவோடோபாதான், மகனே. லண்டனில் 2004-ல் எட்டுப் பேருக்குப் பூனைக்காலிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையைவிடச் சீக்கிரம் கேட்டது, நேரமும் கூடுதலாக நின்றது. அதனால் இதை நாட்டுமருந்து என்று நான் ஒதுக்கவில்லை.

ஆபத்தும் அது வேலை செய்வதால்தான். உம்மாவின் மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா சேர்ந்திருக்கிறது. லெவோடோபா மூளையை எட்டும் முன்பே வழியில் உடைந்துவிடாமல் காப்பது கார்பிடோபா. அளவு பார்த்து, கூட்டிக் குறைத்து, டாக்டர் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன் மேல் உன் கேப்சூலையும் கொடுத்தால் எவ்வளவு கூடும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2022-ல் அமெரிக்காவில் 16 பூனைக்காலி கேப்சூல்களைச் சோதித்தபோது, ஒரு வேளைக்கான அளவில் 2 மில்லிகிராமும் இருந்தது, ஏறக்குறைய 240 மில்லிகிராமும் இருந்தது. லெவோடோபா கூடினால் கை கால் தானாக முறுக்கி ஆடும், இல்லாத ஆள் எதிரே நிற்பது போல் தெரியும், எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கிக் கீழே விழுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறக்காதே. பூனைக்காலியும் சரி, மாத்திரையும் சரி, இல்லாத டோபமைனை ஈடுகட்டுகின்றன. செல் சாவதை அவை நிறுத்துவதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நிறுத்துகிற மருந்துக்காக உலகமே காத்திருக்கிறது.

அந்த மருந்து நம் கடலிலிருந்து வந்தாலும் வரலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. சின்ன ஏர்வாடிப் பக்கமும் பாம்பன் பக்கமும் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி எடுத்துவரும் பாசியை நீ பார்த்திருக்கிறாய். மரிக்கொழுந்து பாசி, கூழாக உறையும் அகர் எடுக்கப் போகிறது. கட்டக்கோரை, பக்கோடா பாசி என்ற பழுப்புப் பாசிகள் ஆல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருள் எடுக்கப் போகின்றன. இந்தப் பழுப்புப் பாசிகளில் ஃப்யூகாய்டன் என்ற சர்க்கரைப் பொருளும் பாலிஃபீனால் வகைச் சேர்மங்கள் சிலவும் இருக்கின்றன, சோதனைத் தட்டில் இவையும் மைக்ரோக்ளியாவை அடக்குகின்றன. பழுப்புப் பாசியின் சர்க்கரையிலிருந்து செய்த ஒரு மருந்துக்குச் சீனா 2019-ல் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. அது மறதி நோய்க்கு, குடல் பாக்டீரியாவைச் சரிசெய்து மூளை அழற்சியைத் தணிக்கும் என்றார்கள். மற்ற நாடுகளில் தொடங்கிய பெரிய சோதனையை 2022-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். படித்தபோது மனசு கனத்துப்போனது. மண்டபத்தில் பாசிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முங்கி எடுக்கும் அந்தப் பெண்களின் கைக்கு நல்ல விலையும், உம்மா போன்றவர்களுக்கு நல்ல மருந்தும் ஒரே பாசியிலிருந்து வரும் நாளை நான் துஆவில் கேட்கிறேன்.

அதுவரை வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். மஞ்சளை நாங்கள் விட்டுவிடவில்லை. விரலி மஞ்சள் வாங்கிக் காயவைத்து ராத்தா மில்லில் அரைத்து வருகிறாள். பளிச்சென்ற நிறத்துக்காகச் சில இடங்களில் தூளில் லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைக் கலக்கிறார்கள். வங்கதேசத்தில் 2019-ல் அரசாங்கமே இறங்கி அதைப் பிடித்தது. ஈயம் நரம்புக்கு விஷம். நரம்பைக் காக்க என்று வாங்கியதே நரம்பைத் தின்றால் எங்கே போய்ச் சொல்வது? வாரத்தில் சில நாள் முருங்கைக் கீரை, கிடைக்கும்போது வல்லாரைத் துவையல். இவை மருந்தென்று நினைத்து அல்ல, நல்ல சாப்பாடு என்று.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுகிறேன். மீனிலும் கறியிலும் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டிபோட்டு அதை உள்ளே விடாது. இதைத் தெரிந்து நேரத்தை மாற்றிய பிறகு மதியம் உம்மாவின் நடை நன்றாகிவிட்டது. மீன் ஆணத்தை நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை, நேரம் மாற்றியதே போதுமானதாக இருந்தது. சாயங்காலம் கடற்கரை ரோட்டில் நடக்கிறோம். நடையும் உடற்பயிற்சியும் இந்த வியாதியில் உதவுவதற்கு அந்த மூன்று டப்பாக்களைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது.

நோன்பு விஷயத்தில் எனக்கு உன் உதவி வேண்டும். வரும் ரமலானில் முழுசாகப் பிடிப்பேன் என்று உம்மா பிடிவாதமாக இருக்கிறார். பகல் வேளை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுத்துவிடலாம். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். வெள்ளிக்கிழமை போன் போடும்போது மெதுவாக ஆரம்பித்துப் பேசு.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது மூன்று டப்பாக்களையும் கையோடு எடுத்துப் போய் நரம்பு டாக்டரிடம் காட்டுகிறேன். அவர் சொல்வதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். அதுவரை புதிதாக எதையும் வாங்காதே. ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று தோன்றினால், வழுக்காத அடிப்பாகம் உள்ள நல்ல செருப்பு ஒன்று அனுப்பு, உம்மாவுக்கு ஏழாம் நம்பர் சரியாக இருக்கும்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம் சொல்.

வஸ்ஸலாம்,
உன் வாப்பா