முன்பக்கம் முழு மாம்பழம், பின்பக்கம் 11 சதவீதம்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு மா விவசாயி எழுதுகிறேன். எங்கள் தோப்பில் பெரும்பாலும் பெங்களூரா ரக மா. அது கடைசியில் போய்ச் சேருகிற இடம் கூழ் ஆலைதான். 2025 சீசனில் மண்டியில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. பக்கத்து ஆந்திராவில் ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய்க்கு வழி செய்தார்கள். சரி, விலை உங்கள் வேலை இல்லை. பாக்கெட் அட்டையில் என்ன, எங்கே எழுத வேண்டும் என்பது உங்கள் வேலை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பெட்டிக்கடையில் வாங்கிய 200 மில்லி மாம்பழ பானப் பாக்கெட் ஒன்று என் முன்னால் இருக்கிறது. முன்பக்கம் முழுக்க மாம்பழம். சாறு சொட்டுகிறது, பக்கத்தில் பச்சை இலை வேறு. திருப்பினால், அட்டை மடிகிற ஓரத்தில், ஸ்ட்ரா ஒட்டியிருக்கிற இடத்துக்குக் கீழே, பொடி ஆங்கில எழுத்தில் சேர்மானம். முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, மூன்றாவதாகத்தான் மாங்கூழ், 11 சதவீதம். எடை அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது உங்கள் விதி. ஆக, இந்தப் பாக்கெட்டில் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்றால் பாக்கெட்டுக்கு 26. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு போதும் என்று சொன்னது நீங்கள். 200 மில்லியில் அது நாலு டீஸ்பூன். பழத்தின் படம் போட்டால் எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். சொல்லிவிட்டார்கள், ஆனால் எந்த மூலையில்! பழம் இருப்பதால் வரியிலும் சலுகை: 2025 செப்டம்பரிலிருந்து பழச்சாறு கலந்த பானத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கேஸ் ஏற்றிய பானத்துக்கு 40. எங்கள் பழத்தின் பெயர் இவ்வளவு வேலை செய்கிறது, பழத்துக்குத்தான் வேலை குறைவு.

லேபிளைப் படித்து வாங்குங்கள் என்று விளம்பரம் செய்கிறீர்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் ஒரு பாட்டில் 'மாம்பழ ஜூஸ்' வாங்கிப் போகிறார்கள், பழம் கொடுத்த மாதிரி என்று நினைத்து. அவர்களில் எத்தனை பேர் அந்தப் பொடி ஆங்கிலத்தைப் படிப்பார்கள்? விழிப்புணர்வு இல்லை என்று வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுவது கம்பெனிகளுக்கு வசதி. உங்களுக்கும் அது வசதியாகிவிடக் கூடாது.

உங்களால் முடியாத காரியம் இல்லை இது. அடர்சாற்றில் தண்ணீர் கலந்துவிட்டு '100 சதவீத பழச்சாறு' என்று போடக்கூடாது என்று 2024 ஜூனில் நீங்கள்தான் உத்தரவிட்டீர்கள். அடுத்த மாதமே சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பின் அளவைத் தடித்த எழுத்தில் பெரிதாகப் போட வைக்கும் யோசனைக்கும் ஒப்புதல் கொடுத்தீர்கள். சிலி நாட்டில் 2016லிருந்தே சர்க்கரை அதிகமான பாக்கெட்டின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை இருக்கிறது. நீங்கள் 2022இல் வரைவாக முன்வைத்தது, சத்தைப் பார்த்து நட்சத்திரம் போடும் குறியீடு. நட்சத்திரம் பார்த்தால் பரிசு கொடுத்த மாதிரிதான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு எண். மாம்பழப் படம் இருக்கிற அதே பக்கத்தில், தமிழ்நாட்டில் விற்பதற்குத் தமிழில், 'மாம்பழம் 11 சதவீதம்' என்று கண்ணில் படுகிற அளவில் போட வையுங்கள். இருபது போடுகிற கம்பெனி அதைச் சொல்லி விற்கட்டும். போட்டிக்காக மற்றவர்களும் கூழைக் கூட்டினால் எங்கள் காய்க்கும் கொஞ்சம் கேட்பு வரும். அந்தச் சுயநலத்தை நான் மறைக்கவில்லை.

அச்சடித்த அட்டைகளைத் தீர்க்க அவகாசம் கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் தேதி போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி
கிருஷ்ணகிரி மாவட்டம்