மோட்டார் சைக்கிள் சூடேறினால், எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று வீசும் இம்மாதங்களில், திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டை வரையும் மறுபக்கம் கந்தளாய் வரையும் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருவோர், வண்டி சூடேறி இழுவை குறைகிறது என்று அடிக்கடி முறையிடுகின்றனர். அதற்குப் பல கராஜ்களில் கிடைக்கும் முதற்பதில் "எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்பதே. மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்துவதில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பதிலை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மகனின் வண்டிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அது ரேடியேட்டர் உள்ள, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஓடும் வண்டி. நிலாவெளி வீதியில் சூட்டு விளக்கு எரிந்ததும் அவன் அதை ஒரு கராஜில் விட்டான். அவர்கள் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் பட்டையான காஸ்கட்டை மாற்றினார்கள். "நம்முடைய வெய்யிலுக்கு இது தேவையில்லை" என்று, எஞ்சின் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தேர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அனுப்பினார்கள். மூன்று கிழமையில் விளக்கு மீண்டும் எரிந்தது. எஞ்சின் நன்றாக ஆறிய பின் நான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் உட்புற ரப்பர் வளையம் நகம் பட்டதும் உதிர்ந்தது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் குறைந்திருக்க, பக்கத்திலுள்ள சேமிப்புப் போத்தலோ விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அந்த மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பதால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கிறது. எஞ்சின் ஆறும்போது போத்தலுக்குப் போனதைத் திரும்ப இழுத்துக்கொள்வதும் அதே மூடியின் வேலைதான். மூடியை மாற்றியதோடு சூடு அடங்கியது. கழற்றப்பட்ட காஸ்கட்டில் எந்தக் குற்றமும் இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். காஸ்கட் உண்மையாகவே போயிருந்தால், குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் இயக்கும்போது ரேடியேட்டர் வாயில் குமிழிகள் ஓயாமல் எழும். பல வேளைகளில் ஒயிலும் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும்.

எந்த வண்டியானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது சூடேறுகிறது என்பதே. சந்தியில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் ஆறுமானால் குறை பெரும்பாலும் ரேடியேட்டர் விசிறியில் இருக்கும்; ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டு, விசிறியின் வயர்களை நேரடியாகப் பேட்டரியில் தொடுத்தால் அது சுழல்கிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வேகமாக ஓடும்போதுதான் சூடேறுகிறது என்றால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர்ப் பம்பின் பழுது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரம் கசிந்தால் அதன் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் தொட்டால் குளிர்ந்தே இருக்குமானால் தேர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அதைக் கழற்றிச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால், பெரும்பாலானவை 80 பாகையை ஒட்டித் திறப்பதைக் கண்ணாலேயே காணலாம். திறக்காவிட்டால் புதியது பூட்டுவதே முறை. அது இல்லாமல் ஓடும் எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் எடுக்கும். பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புவெளிப் பக்கத்தில் கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும்; அதிலுள்ள சுண்ணாம்பு நுண்குழாய்களில் படிந்து அடைக்கும். என் மகனின் ரேடியேட்டரைக் கழுவியபோது தேயிலைச் சாயம்போல் மண்ணிறக் கழிவு வந்தது, மூன்று கிழமைத் தண்ணீருக்கே.

நம் மாவட்டத்தில் அதிகம் ஓடும் 100, 125 சிசி வண்டிகளுக்கு ரேடியேட்டரே இல்லை. காற்றுத்தான் அவற்றைக் குளிர்விக்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் ஒயில் கசிவும் புழுதியும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து களிபோல் இறுகிவிட்டால் காற்று பட்டும் பயனில்லை. குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு துடைத்தாலே பல வண்டிகள் தேறிவிடும். அதன் பிறகும் சூடு அடங்காவிட்டால் ஒயில் அளவையும், சில்லைப் பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக்கையும், பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். பிளக் வெளுத்திருந்தால், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கக்கூடும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், இன்று வீதியில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி வயதானவை. அவற்றின் ரப்பர்கள் இயல்பாகவே காய்ந்துபோயிருக்கும்.

வெளியிணைப்பு எஞ்சினை இயக்கியதும், அதைக் குளிர்வித்துவிட்டுப் பக்கத்திலிருந்து பீறிடும் தண்ணீர்த் தாரையைப் பார்க்காமல் எந்த மீனவரும் கரையை விட்டுப் புறப்படமாட்டார். மோட்டார் சைக்கிளில் அப்படி வெளியே தெரியும் தாரை கிடையாது; ஆகவே கிழமைக்கு ஒருமுறை, வண்டி ஆறியிருக்கும் காலைவேளையில், சேமிப்புப் போத்தலின் இரு கோடுகளுக்கிடையே கூலன்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கைவைக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கராஜ் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், மாற்றியதாக இருந்தாலும் நீக்கியதாக இருந்தாலும், வண்டிக்காரர் கையில் திருப்பிக் கொடுங்கள். என் மகனின் தேர்மோஸ்டாட்டை நான் கேட்டுப் போனபோது அது குப்பையோடு போய்விட்டது என்றார்கள். புதியதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை.